மாறாத மட்டைவீச்சைத் தேடி

அசையாமல் தரையில் கிடக்கும் ஒரு பந்தை அடிப்பதில் என்ன சிரமம் இருந்துவிட முடியும்? கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. டென்னிசில் மூலைக்கு மூலை ஓடவேண்டியிருக்கிறது. கோல்ப் ஆட்டத்தில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. பந்து காத்துக் கிடக்கிறது. ஆடுபவர் நிதானமாக நின்று, குறி பார்த்து, தமக்கு வேண்டிய நேரத்தில் மட்டையை வீசலாம். எதிராளி குறுக்கே வரமாட்டார். ஆயினும் வாழ்நாள் முழுவதும் இந்த ஆட்டத்தையே ஆடியவர்கள்கூட, நேற்று அடித்ததுபோல் இன்று அடிக்க முடியவில்லையே என்று புலம்புவார்கள்.

இந்தப் புலம்பலுக்குள் நல்லதோர் அறிவியல் வரலாறு அடங்கியிருக்கிறது. கோல்ப் ஆடியிராதவர்களும் இதை அறிந்துகொள்ளலாம். ஏனெனில் இது சுத்தியல் பிடிப்பவருக்கும் வீணை மீட்டுபவருக்கும் பேனா பிடிக்கும் உங்களுக்கும் பொதுவான ஒரு கேள்வியைப் பற்றியது. செய்த ஒன்றையே மனித உடல் எப்படித் திரும்பத் திரும்பச் செய்கிறது?

ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள். நூறு முதல் ஐந்நூறு மீட்டருக்கு மேலும் நீளும் புல்வெளியின் மறுகோடியில், 108 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழி இருக்கும். பந்தின் எடை 46 கிராமுக்கு மேற்படாது. நீண்ட தண்டின் நுனியில் தலை பொருத்திய மட்டைகளால் அப்பந்தை அடித்துக் குழியில் சேர்க்கவேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர்.

இனிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் வீசும் மட்டையின் தலை, பந்தைத் தொடும்போது மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருகிறது. பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காலம் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் மட்டை நகரும் தூரம் இரண்டு சென்டிமீட்டர்தான். பந்தின் தலையெழுத்து அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. அக்கணத்தில் மட்டையின் முகம் குறியிலிருந்து 1 பாகை விலகி, பந்தும் அதே அளவு விலகிப் புறப்பட்டால், 200 மீட்டர் தூரத்தில் அது மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடும். பந்தின் சுழற்சியும் சேர்ந்துகொண்டால் விலகல் இன்னும் கூடும்.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. மட்டையின் முகம் எப்போதும் குறியை நோக்கியபடியே வருவதில்லை. கதவு சாத்துவதுபோல அது திரும்பிக்கொண்டே வருகிறது. பந்தை நெருங்கும்போது அது வினாடிக்கு 2,000 பாகைக்கு மேற்பட்ட வேகத்தில் திரும்புவதுண்டு. அப்படியானால் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் 2 பாகை பிசகு. 200 மீட்டரில் ஏழு மீட்டர்! புலம்புபவர்கள்மேல் இப்போது உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் பிறந்திருக்கும்.

பந்தும் தண்டும்

ஆட்டக்காரர் ஒரே மாதிரி அடிப்பதற்கு முன்னால், பந்து ஒரே மாதிரி இருக்கவேண்டும் அல்லவா? ஸ்காட்லாந்தில் நெடுங்காலம் தோல் உறைக்குள் பறவை இறகுகளைத் திணித்துத் தைத்த பந்துகளே வழக்கில் இருந்தன. மழையில் நனைந்தால் கனக்கும். தையல் விட்டால் பிதுங்கும். 1848ஆம் ஆண்டை ஒட்டி, மலாய்த் தீபகற்பத்து மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவால் பந்து செய்யத் தொடங்கினர். வழவழப்பான புதுப்பந்து சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டு வடு விழுந்த பழைய பந்தோ நன்றாகப் பறந்தது. இதைக் கண்டபின் பந்து செய்பவர்கள் தாமே மேற்பரப்பில் கோடுகளை வெட்டி விற்றார்கள். எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890களில் பந்தின் பறப்பை ஆராய்ந்து, அது பின்னோக்கிச் சுழல்வதால்தான் காற்றில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது என்று விளக்கினார். அவர் மகன் பிரெடரிக் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். தந்தை கணக்குப் போட, மகன் பந்தடித்த வீடு அது. 1898இல் ரப்பர் நூல் சுற்றிய பந்தை அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கல் உருவாக்கியதும் பந்தின் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

தண்டின் பிரச்சினை அவ்வளவு எளிதில் தீரவில்லை. ஹிக்கரி என்னும் மரத்தில் தண்டு செய்தார்கள். உறுதியான மரந்தான். ஆனால் வளைவதோடு முறுக்கவும் செய்யும். மட்டையின் தலை தண்டின் நேர்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பதை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். வேகமாக வீசும்போது அந்தத் தலை பின்தங்குகிறது, தண்டு முறுகுகிறது, முகம் வெளிப்புறமாகத் திறந்துகொள்கிறது. இதை ஈடுசெய்ய, அக்கால ஆட்டக்காரர்கள் பந்தை நெருங்கும் தறுவாயில் முன்கைகளையும் மணிக்கட்டையும் உருட்டி முகத்தை மூடினார்கள். எந்த இரண்டு மரத்தண்டும் ஒரே அளவு முறுகுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மட்டைக்கும் உருட்டும் அளவு வேறு!

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் பிசகாமல் அடித்தவர் ஒருவர் இருந்தார். 1870இல் ஜெர்சித் தீவில் பிறந்த ஹாரி வார்டன் அவர். 1896க்கும் 1914க்கும் இடையில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்றார். காலையில் அவர் மட்டை பெயர்த்த புல்தடத்திலேயே மாலையில் அவர் பந்து போய் விழும் என்று ஒரு கதை உண்டு. கதை சற்று மிகைதான். ஆனால் அப்படி ஒரு கதை எல்லோரைப் பற்றியும் பிறந்துவிடுவதில்லை. வலக்கைச் சுண்டுவிரலை இடக்கைச் சுட்டுவிரல்மேல் ஏற்றிப் பிடிக்கும் பிடிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அவருக்கு முன்பே ஜானி லெயிட்லே என்பவர் அவ்வாறு பிடித்து ஆடினார். பெயர் என்னவோ வார்டனுக்குத்தான் கிடைத்தது.

எஃகு வந்தபின்

எஃகுக் குழாய்த் தண்டுகளுக்கு அமெரிக்க கோல்ப் சங்கம் 1924இல் இசைவு தந்தது. பிரிட்டனில் 1929வரை தடை நீடித்தது. எஃகு அவ்வளவாக முறுகாது. ஒரே ஆலையில் செய்த ஆயிரம் தண்டுகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். இனி எல்லாம் நலமே என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது வேறு. மரத்தண்டுக்காகப் பழகிய கைகள் பழக்கத்தை விடவில்லை. முறுகாத தண்டைப் பிடித்துக்கொண்டு பழையபடி மணிக்கட்டை உருட்டியதால் முகம் அளவுக்குமேல் மூடிக்கொண்டது. பந்து இடப்புறம் வளைந்து ஓடியது. குறை நீங்கிய கருவி, குறையுள்ள கருவியோடு பழகிய மனிதனைத் தவிக்கவிட்டது.

டெக்சஸ் மாநிலத்தின் போர்ட்வொர்த் நகரில் கிளென் கார்டன் என்ற கோல்ப் மைதானம் இருந்தது. அங்கே பிறருக்கு மட்டைப்பை சுமந்த சிறுவர்களில் இருவர் 1912இல் பிறந்தவர்கள். ஒருவர் பைரன் நெல்சன், மற்றவர் பென் ஹோகன். இருவரும் மரத்தண்டில் தொடங்கி எஃகுக்கு மாறிய தலைமுறை. இருவரையும் இடப்புறம் ஓடும் பந்து வாட்டியது.

நெல்சன் கண்ட வழி எளிமையானது. உருட்டுவதற்குக் காரணம் போய்விட்டதால் உருட்டுவதையே அவர் நிறுத்தினார். கைகளை அடக்கி, கால்களையும் இடுப்பையும் முன்தள்ளி வீசினார். இதனால் மட்டையின் முகம் பந்தைக் கடக்கும் பகுதியில் அதிகம் திரும்பாமல், குறியை நோக்கியபடியே சற்று நெடிது சென்றது. முன்னே சொன்ன ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முகம் மெதுவாகத் திரும்பினால், நேரம் சிறிது தவறினாலும் கேடு குறைவு. 1945இல் நெல்சன் 18 போட்டிகளில் வென்றார். அவற்றில் 11 தொடர்ச்சியான வெற்றிகள். போர்க்காலமாதலால் எதிரணி பலவீனமாக இருந்தது என்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு சுற்றுக்கு அவர் எடுத்த சராசரி அடிகள் 68.33 என்பதற்கு எதிராளி காரணமாக முடியாது. மறு ஆண்டே, 34 வயதில், ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்வதை விட்டுவிட்டுப் பண்ணை வாங்கிக் குடியேறினார்.

இரும்பு மனிதன்

1960களில் தண்டு உற்பத்தி செய்யும் ட்ரூ டெம்பர் நிறுவனத்துக்கு ஒரு சிக்கல் எழுந்தது. புதுத் தண்டு ஒன்றைச் சோதிக்கவேண்டும். மனிதரிடம் கொடுத்தால், பந்து தவறிப்போனது தண்டாலா ஆளாலா என்று தெரிவதில்லை. எனவே தவறாமல் ஒரே மாதிரி வீசும் பொறி ஒன்று தேவைப்பட்டது. ஒஹையோ மாநிலத்து பாட்டெல் ஆய்வு நிறுவனத்தின் துணையோடு அது உருவாயிற்று. பல ஆட்டக்காரர்களை அதிவேகப் படம் எடுத்துப் பார்த்தபின், மாதிரியாக நெல்சனின் வீச்சைத் தேர்ந்தார்கள். பொறிக்கு ‘இரும்பு பைரன்’ என்றே பெயர் வந்தது.

அந்தப் பொறிக்குத் தலை இல்லை, கால் இல்லை. கையும் ஒன்றே ஒன்று. சாய்வான தளத்தில் சுழலும் கையின் நுனியில், மணிக்கட்டுக்குப் பதிலாக ஒரு கீல். கீலில் மட்டை. அவ்வளவுதான். அமெரிக்க கோல்ப் சங்கம் இத்தகைய பொறியைக் கொண்டு பந்துகளைச் சோதித்தது. 1976இல் பந்து செல்லக்கூடிய தூரத்துக்கு வரம்பும் விதித்தது. தொடக்கத்தில் சோதனை வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். 2004இல் அது 193 ஆக உயர்த்தப்பட்டது.

ஒரு கீல் எப்படிப் போதுமாயிற்று? இதற்கு விடை ஒளிப்படங்களிலிருந்து கிடைத்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஹெரால்டு எட்ஜர்ட்டன், கணப்பொழுது மின்னி மறையும் விளக்கைப் பயன்படுத்தி, ஒரே படச்சுருள் துண்டில் வீச்சின் பல நிலைகளையும் பதிவுசெய்து காட்டியவர். பாபி ஜோன்ஸ் என்ற மாபெரும் ஆட்டக்காரரின் இத்தகைய படத்தை வைத்து 1967இல் வில்லியம்ஸ் என்பவர் கணித ஆய்வு செய்தார். வீச்சின் பிற்பகுதியில் மணிக்கட்டு தனியே முயற்சி எடுக்கவேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை. சாட்டையின் நுனி சொடுக்குவதுபோல மட்டை தானாகவே முன்னே பாய்கிறது என்று அவர் கண்டார். ஓர் ஊசலின் நுனியில் இன்னோர் ஊசலைத் தொங்கவிட்டால் எப்படியோ, அப்படி.

அடுத்த ஆண்டு, 1968இல், பிரிட்டிஷ் கோல்ப் சங்கம் ஒன்றின் முயற்சியால் நடந்த பல ஆண்டு ஆய்வுகளின் முடிவுகளை அலஸ்டேர் காக்ரன் என்ற இயற்பியலாளரும் ஜான் ஸ்டாப்ஸ் என்ற எழுத்தாளரும் நூலாக்கினர். அவர்களும் இந்த இரட்டை ஊசல் மாதிரியையே கொண்டனர். மட்டை கீழிறங்கும் நேரம் கால் வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு பிழையைக் கண்டு திருத்த மனிதனுக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வினாடி பிடிக்கும். ஆகவே இறங்கத் தொடங்கிய வீச்சை நினைத்துத் திருத்த முடியாது. அடி பட்ட உணர்ச்சி கையிலிருந்து நரம்பு வழியே மூளையை எட்டுவதற்குள் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும்! “அடிக்கும்போது கையில் உணர்ந்தேன்” என்று ஆட்டக்காரர் சொல்வது நடந்து முடிந்த செய்தியைத்தான்.

இன்னொன்றையும் அந்நூல் தெளிவாக்கியது. பந்து முதலில் மட்டை வீசிய திசையிலேயே புறப்படும், முகத்தின் திசைக்குப் பிறகே வளையும் என்பது ஆசிரியர்கள் வழிவழியாகக் கற்பித்த பாடம். உண்மையில் பந்து புறப்படும் திசையைப் பெரும்பகுதி தீர்மானிப்பது முகந்தான். அச்சில் வந்த இந்த உண்மை பயிற்சிக் களங்களை எட்ட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2000களில் பந்தைத் தொடரும் ரேடார் கருவிகள் வந்து எண்களைத் திரையில் காட்டிய பிறகே பலர் நம்பினார்கள். இடையில் எத்தனை மாணவர்கள் தவறான பாடத்தைச் சரியாகக் கற்றார்களோ!

சுத்தியல் சொன்ன பாடம்

இதுவரை படித்ததிலிருந்து, மனிதனும் இரும்பு பைரனைப்போல் ஒவ்வொரு மூட்டையும் அணுவளவும் பிசகாமல் அசைத்தால் போதும், வீச்சு நிலைத்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆட்டக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. இது தவறு என்பதைக் காட்டிய ஆய்வு கோல்ப் மைதானத்தில் நடக்கவில்லை. அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு, மாஸ்கோவில் ஒரு பட்டறை வேலையை ஆராய்ந்தபோது தெரியவந்தது அது.

புரட்சிக்குப் பிந்திய சோவியத் நாட்டில், தொழிலாளியின் அசைவுகளை இயந்திரம்போலச் சீராக்கவேண்டும் என்ற நோக்கத்துடன் மத்திய உழைப்பு ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. 1922இல் அங்கே பணிக்குச் சேர்ந்த இளம் மருத்துவர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் தலை ஆகியவற்றில் சிறு மின்விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். சுத்தியலின் தலை ஒவ்வொரு முறையும் உளியின் தலையையே சென்று தாக்கியது. ஆனால் தோளும் முழங்கையும் சென்ற பாதைகளோ ஒவ்வோர் அடிக்கும் சற்றே மாறின. முழங்கை கொஞ்சம் உயர்ந்தால் மணிக்கட்டு அதை ஈடுசெய்தது. மூட்டுகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து, இலக்கை மட்டும் விட்டுக்கொடுக்காமல் காத்தன. இயந்திரத்தைத் தேடிப்போன இடத்தில் அவர் கண்டது, இயந்திரத்துக்கு இல்லாத ஒரு திறமையை!

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கையெழுத்தை ஒரு தாளில் இடுங்கள். அங்கே வேலை செய்பவை விரல்கள். அதையே கரும்பலகையில் ஓர் அடி உயரத்துக்கு எழுதுங்கள். இப்போது விரல்கள் சும்மா இருக்க, தோளும் முழங்கையும் எழுதுகின்றன. தசைகள் வேறு, மூட்டுகள் வேறு. ஆயினும் கையெழுத்து உங்களுடையதே என்று யாரும் சொல்லிவிடுவர். நினைவில் பதிந்திருப்பது தசையின் அசைவன்று, எழுத்தின் வடிவமே என்பது இதிலிருந்து விளங்கும். பெர்ன்ஸ்டீன் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் கையெழுத்தும் ஒன்று. ஸ்டாலின் பரிசு பெற்ற அவர், பாவ்லவின் கோட்பாட்டோடு முரண்பட்டதால் 1950ஐ ஒட்டிப் பணியிழந்தார். 1966இல் இறந்தார். அவர் கட்டுரைகள் மறு ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக வந்தபின்தான் உலகம் அவரைப் பரவலாக அறிந்தது.

கோல்ப் வீச்சை முப்பரிமாணத்தில் அளக்கும் கருவிகள் வந்தபின் அதே கதை இங்கும் வெளிப்பட்டது. தேர்ந்த ஆட்டக்காரரிடம்கூட உடலின் அசைவு அடிக்கு அடி மாறுகிறது. ஆனால் மட்டை பந்தை நெருங்க நெருங்க, கையிலும் மட்டைத் தலையிலும் அந்த வேறுபாடு சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதற்கு நான் காணும் பெரிய சான்று பென் ஹோகனின் வாழ்க்கை. நெல்சனைப்போல் அவருக்குச் சீக்கிரம் வழி பிறக்கவில்லை. இடப்புறம் ஓடும் பந்தோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். பிடியை மாற்றினார், இடது மணிக்கட்டை வளைக்கும் விதத்தை மாற்றினார். ஒருவழியாக வீச்சு நிலைபெற்றது. 1949 பிப்ரவரி 2ஆம் தேதி, டெக்சசில் மூடுபனியில் அவர் கார்மீது ஒரு பேருந்து நேருக்கு நேர் மோதியது. பக்கத்திலிருந்த மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்ததால் இருவரும் பிழைத்தனர். இடுப்பெலும்பு, காறையெலும்பு, இடது கணுக்கால் ஆகியவை முறிந்தன. இரத்தக் கட்டிகளால் உயிருக்கே ஆபத்து வந்தது. மறுபடி நடப்பாரா என்பதே ஐயமாயிருந்தது. பதினாறு மாதங்கள் கழித்து, 1950 ஜூனில், கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு மெரியன் மைதானத்துக்கு வந்தார். கடைசி நாளில் 36 குழிகளை நடந்தே ஆடி முடித்தார். மறுநாள் மூவருக்கிடையே நடந்த கூடுதல் சுற்றில் 69 அடிகளில் முடித்து அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். 1953இல் மூன்று பெரும் பட்டங்களை வென்றார். எந்தக் கால்களால் வீச்சைப் பழகினாரோ அந்தக் கால்கள் இப்போது அவரிடம் இல்லை. வீச்சு இருந்தது. மூட்டுகளின் அசைவையே மனப்பாடம் செய்தவருக்கு இது கைகூடியிருக்குமா?

அப்படியானால் பழகுவது எப்படி? ஒரே மட்டையால் ஒரே குறிக்கு நூறு பந்துகளை வரிசையாக அடிப்பதே வழி என்று பலர் நினைக்கிறார்கள். 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சிறு மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் கையால் தட்டிவிடவேண்டும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழுவினர் முதல் வரிசையை முற்றப் பழகிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். மற்றக் குழுவினருக்கு மூன்றும் மாறி மாறி வந்தன. பயிற்சியின்போது முதல் குழுவே விரைவாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோதோ மாறி மாறிப் பழகியவர்களே முந்தினார்கள். விளையாட்டுக் களங்களில் இந்த முடிவு எல்லா நேரமும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. ஆயினும் பயிற்சி வேளையில் வரும் தேர்ச்சி வேறு, தங்கும் தேர்ச்சி வேறு என்பதைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் கவனிக்கலாம்.

ஒரு விந்தை மீதியிருக்கிறது. இருநூறு மீட்டருக்கு அப்பால் பிசகாமல் பந்தை அனுப்பிய வார்டனுக்கு, பிற்காலத்தில் ஒரு மீட்டர் தூரத்திலுள்ள குழிக்குள் பந்தைத் தள்ளக் கை வரவில்லை. மட்டை பந்தை நெருங்கும்போது கை திடீரென்று வெட்டி இழுத்தது. ஹோகனோ பந்தின்மேல் குனிந்தபடி, மட்டையைப் பின்னால் எடுக்கவே முடியாமல் உறைந்து நின்றார். ‘யிப்ஸ்’ என்று ஆட்டக்காரர்கள் இதை அழைக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் இதை ஆராய்ந்திருக்கிறது. சிலருக்கு இது அச்சத்தின் விளைவு. வேறு சிலருக்கு, எழுத்தர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் வருவதுபோல, ஒரே நுண்ணிய வேலையை நெடுங்காலம் செய்த தசைகள் கட்டளைக்குப் பணியாமல் இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு. இதற்கு ஆளான சாம் ஸ்னீட், 1960களில் பந்தைக் கால்களுக்கிடையில் வைத்து முன்னோக்கித் தள்ளிப் பார்த்தார். பந்து உருளும் கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்பது 1968இல் தடைசெய்யப்பட்டதும், பக்கவாட்டில் நின்று அதே விதமாகத் தள்ளினார். பிறர் நீண்ட மட்டையின் மேல்நுனியை வயிற்றிலோ மார்பிலோ ஊன்றிக்கொண்டு, இரட்டை ஊசலை ஒற்றை ஊசலாக்கி ஆடினார்கள். 2016 சனவரி 1 முதல் அப்படி ஊன்றுவதற்கும் தடை வந்துவிட்டது.